ரோம் விழுந்தது ஆடம்பரத்தாலா, காசில்லாமலா? நேயர் கேள்விக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “ரோம் மாதிரிப் பெரிய பேரரசுகள் எல்லாம் ஆடம்பரத்தாலும் ஒழுக்கக்கேட்டாலும்தானே அழிந்தன? ஈயக் குழாயில் தண்ணீர் குடித்ததுதான் காரணம் என்றும் சொல்கிறார்களே, எது உண்மை?”

ஒழுக்கக்கேட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். கூத்தடித்ததாகப் பெயர் வாங்கிய பேரரசர்கள் கலிகுலா கி.பி. 41-லும், நீரோ 68-லும் செத்துப்போனார்கள். பேரரசு அதன் உச்சப் பரப்பைத் தொட்டது அதற்கும் பிறகுதான், பேரரசர் டிராஜன் காலத்தில், 117 வாக்கில். பிற்காலத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்த பேரரசில், மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் என்று பாடப்புத்தகம் சொல்கிறவர் பதவி இழந்தது 476-ல். அப்போது கிறிஸ்தவம் அரசு மதமாகி தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆட்டம் போட்ட காலத்தில் வளர்ந்தது, சாமி கும்பிட்ட காலத்தில் விழுந்தது என்றால், கணக்கு இடிக்கிறது.

என்னைக் கேட்டால் அரண்மனையை விட்டுவிட்டு கஜானாவைப் பாருங்கள் என்பேன். ரோம அரசின் வருமானத்தில் பெரும்பங்கு விவசாய நிலத்தின் மீதான வரி. செலவில் பெரும்பங்கு படை. வரி வந்தால் படை இருக்கும், படை இருந்தால் வரி வரும். இந்தச் சுற்று எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி.

376-ல் ஹூணர்களுக்குப் பயந்து ஜெர்மானிய இனமான கோத் மக்கள் டான்யூப் ஆற்றைக் கடந்து வந்தார்கள். 378-ல் அட்ரியனோபிள் போரில் பேரரசர் வேலன்ஸே கொல்லப்பட்டார். 406 கடைசியில் வாண்டல்கள் உட்படப் பல கூட்டங்கள் ரைன் ஆற்றைத் தாண்டின. 410-ல் கோத் தலைவன் அலாரிக் ரோம் நகரைச் சூறையாடினான். அதற்கு முன் நகரை முற்றுகையிட்டபோது அவன் கேட்ட கப்பத்தில் தங்கம், வெள்ளி, பட்டு தவிர 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரைச் சரக்குதான்!

ஆனால் இந்த அடி எதுவும் உயிர்போகிற அடி இல்லை. 410-ல் மேற்கு அரசவை வட இத்தாலியின் ராவென்னாவில் பத்திரமாக இருந்தது. பிழைத்துக்கொண்டிருக்கலாம்.

அடிமடியில் கை வைத்தவன் வாண்டல் அரசன் கெய்செரிக். 429-ல் ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டி வட ஆப்பிரிக்காவுக்குப் போனான். 439-ல் கார்த்தேஜைப் பிடித்தான். இன்றைய துனிசியாதான் அந்தப் பகுதி. மேற்குப் பேரரசிலேயே வளமான நிலம். எகிப்து தானியம் கிழக்குத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) திரும்பியபின், ரோம் நகரத்துக்குச் சோறு போட்டதே ஆப்பிரிக்காதான். அதுவரை அங்கே பெரிய போரும் இல்லை, பாதுகாப்புச் செலவும் குறைவு, வரி மட்டும் வந்துகொண்டே இருந்தது. அது ஒரே அடியில் போய்விட்டது.

உடனே தெரிந்தது விளைவு. 444-ல் மேற்குப் பேரரசர் மூன்றாம் வேலன்டினியன் போட்ட சட்டத்திலேயே, படைவீரர்களுக்குச் சோறும் துணியும் கொடுக்க வரிப் பணம் போதவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். விற்பனைக்குப் புது வரி போடுகிறார். அடுத்த வருடம், வாண்டல்கள் திருப்பிக் கொடுத்த வட ஆப்பிரிக்கப் பகுதிகளான நுமிடியாவுக்கும் மௌரிடானியாவுக்கும் வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருந்தது. நிலம் கைக்கு வந்தும் காசு வரவில்லை.

அந்த இழப்பை அவர்களும் உணராமல் இல்லை. 468-ல் கிழக்குப் பேரரசர் லியோ பெரும் செலவில் கப்பற்படை கட்டி அனுப்பினார். கார்த்தேஜுக்குப் பக்கத்தில் கெய்செரிக் தீ வைத்த கப்பல்களை அதன் நடுவே விட்டு நாசமாக்கினான். ஆப்பிரிக்கா மீளும் என்ற நம்பிக்கை மேற்குக்கு அதோடு போயிற்று.

எல்லையில் இருந்தவனுக்கு இது எப்படித் தெரிந்தது? செவெரினுஸ் என்ற துறவியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. டான்யூப் கரையில், இன்றைய ஜெர்மனியின் பாஸௌ நகரில் இருந்த படைப்பிரிவுக்குச் சம்பளம் வரவில்லை. கடைசிச் சம்பளத்தை வாங்கிவரச் சில வீரர்களை இத்தாலிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே அவர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்கள் ஆற்றில் மிதந்து வந்தபோதுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. சம்பளம் நின்றதும் எல்லைப் படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின என்கிறது அதே நூல். எதிரி வந்து தோற்கடிக்கவே தேவைப்படவில்லை.

476-ல் நடந்ததும் இதே கதைதான். இத்தாலியில் இருந்த கூலிப்படை, தங்களுக்கு அங்கே மூன்றில் ஒரு பங்கு நிலம் வேண்டும் என்றது. ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஒரெஸ்டெஸ் மறுத்தார். வீரர்கள் ஒடோவாக்கரைத் தலைவனாக்கி, ஒரெஸ்டெஸைக் கொன்றார்கள்; அவர் மகனான சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸைப் பேரரசர் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

உள்ளே குற்றம் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருந்தது. 454-ல் தன் தலைசிறந்த தளபதி ஏட்டியஸைப் பேரரசர் வேலன்டினியனே வாளால் வெட்டிக் கொன்றார், அடுத்த வருடம் அவரும் கொலையானார். ஆனால் இதே மாதிரிச் சூதும் சதியும் கிழக்கிலும் குறைவில்லை. அங்கே எகிப்து, சிரியா, ஆசியா மைனர் வரி தடையில்லாமல் வந்தது, தலைநகருக்குப் பலமான மதிலும் இருந்தது. அந்தப் பாதி 1453 வரை ஓடியது.

சரி, ஈயக் குழாய். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ருவியஸ் என்ற கட்டிடக் கலைஞர் ஈயக் குழாய் உடம்புக்கு ஆகாது என்று எழுதிவிட்டார். அதே குழாயோடுதான் ரோம் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்தது. அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குழாயின் உட்புறம் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து, ஈயம் தண்ணீரில் கலப்பது குறைந்துவிடும். ஆட்களின் உடல்நலத்துக்குக் கெடுதல் நடந்திருக்கலாம், பேரரசைக் கவிழ்க்க அது போதாது.