தடி கொண்டு அடித்தால் பழுக்குமா?

(கோடை விடுமுறைக்கு முன்பு தருமபுரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது. மேடையில் நேரமில்லாமல் விட்டுப்போன சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யா அவர்களே (இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்), வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, முழங்கால் வலியோடு பென்னாகரத்தில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கும் கூத்து வாத்தியார் பெரியவர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். வார்டு உறுப்பினர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும், இந்த மண்டபத்தை வாடகை இல்லாமல் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அப்புறம், எனக்குப் போட்ட சால்வையைக் கூத்து வாத்தியாருக்கு முதலில் போட்டிருக்க வேண்டும். இதோ, என் கையாலேயே அவருக்குப் போடுகிறேன். கைதட்டுங்கள்.

டிவி டான்ஸ் போட்டியும் நம் பிள்ளைகளும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெற்றோர், மாஸ்டர், சேனல் என்று மூன்று பக்கமாகப் பேசலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் பாட்டி சொல்லும் ஒரு பழமொழி. தானாகக் கனியாத பழத்தைத் தடி கொண்டு அடித்தால் பழுக்குமா? கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தை மஞ்சள் நிறம் பார்த்து வாங்கி வந்து அறுத்தால் உள்ளே வெள்ளையாகப் புளிக்கும்.

முதலில் அமெரிக்கா. 2011ல் லைஃப்டைம் என்ற சேனலில் டான்ஸ் மாம்ஸ் என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஆபி லீ மில்லர் நடத்திய டான்ஸ் பள்ளி, அங்கே ஆடும் சிறுமிகள், அவர்களின் அம்மாக்கள், இவ்வளவுதான் கதை. வாராவாரம் சுவரில் பிள்ளைகளின் போட்டோவைக் கோபுரம் போல ஒட்டுவார்கள். உச்சியில் ஒரு பிள்ளை, அடிவரிசையில் சில பிள்ளைகள், போன வாரம் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்பதை எல்லார் முன்னாலும் அந்த டீச்சர் சொல்லுவார். அதில் ஆறேழு வயதுப் பிள்ளைகளும் உண்டு. அம்மாக்கள் தனியாக உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பயிற்சியைப் பார்ப்பார்கள். என் பெண்ணுக்கு ஏன் தனி ஆட்டம் இல்லை, உன் பெண்ணுக்கு ஏன் இருக்கிறது என்று சண்டை அங்கே தொடங்கும். ஆட்டம் காட்டிய நேரத்தைவிட அந்தச் சண்டை காட்டிய நேரம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. பின்னாளில் அந்த டீச்சருக்கு 2017ல் ஒரு வருடம் ஒரு நாள் சிறைத் தண்டனை கிடைத்தது, ஆனால் அது திவால் வழக்கில் வருமானத்தை மறைத்த குற்றத்துக்கு. சுவரில் போட்டோ ஒட்டியதற்கு எந்த நாட்டிலும் வழக்கு இல்லை.

சரி, அது எங்கேயோ நடக்கிறது என்று விட்டுவிட முடியாது. 2008ல் கொல்கத்தாவில் ஒரு வங்காளி நிகழ்ச்சியில் 16 வயதுப் பெண் ஒருத்தி ஆடினாள். நடுவர்கள் கண்டித்துப் பேசிய பிறகு அவளுக்குப் பேச்சே நின்றுவிட்டது, சிகிச்சைக்குப் பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள் என்று அப்போது செய்தித்தாள்களில் வந்தது. நிம்ஹான்ஸ் எங்கே இருக்கிறது? ஓசூர் தாண்டிக் கொஞ்ச தூரம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எத்தனையோ பேருக்கு நாமே அங்கே துணைக்குப் போய் வந்திருக்கிறோம்.

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் தெரிந்த குடும்பம், பெயர் வேண்டாம். அப்பா லாரி டிரைவர், பெண் நாலாம் வகுப்பு. சென்னையில் ஒரு பெரிய நிகழ்ச்சிக்குத் தேர்வு, நீங்களும் கூட வாங்க, உங்களுக்குச் சென்னை பழக்கம் என்று கூப்பிட்டார்கள், போனேன். ராத்திரி பஸ். விடியற்காலை அங்கே போய் இறங்கினால் ஏற்கெனவே தெரு முனை வரைக்கும் வரிசை, ஜரிகைத் துணியும் முகம் நிறைய பவுடருமாகப் பிள்ளைகள். நெஞ்சில் நம்பர் ஒட்டினார்கள். கேமரா அந்த வரிசையைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணி வாக்கில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவுக்கும் இந்த அம்மாவுக்கும் பேச்சு முற்றியது. என்னவென்றால், இரண்டு பிள்ளைகளும் ஒரே பாட்டு, ஒரே ஸ்டெப். "எங்க ஸ்டெப்பைத் திருடிட்டீங்க" என்று அவர், "யாருடி திருடி" என்று இவர். விசாரித்தால் இரண்டு பேருக்கும் ஒரே மாஸ்டர்! சனி ஞாயிறு ஒரு ஊர், மற்ற நாள் இன்னொரு ஊர் என்று வகுப்பு எடுக்கும் அந்த மனிதர், இது உங்க பாப்பாவுக்காகவே போட்ட ஸ்டெப் என்று சொல்லி இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் காசு வாங்கியிருக்கிறார். அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. இரண்டு அம்மாக்களும் அவரை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், காவலாளி வந்து விலக்கும் அளவுக்கு. அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பாதி பாதியாக உடைத்துத் தின்றுவிட்டுக் கை தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு தம்பி அட்டையும் பேனாவுமாக வந்தார். வீட்டில் என்ன கஷ்டம், ஜட்ஜ் முன்னால் சொல்லுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா விழித்தார். அப்பா இருக்காரா என்று கேட்டார் அந்தத் தம்பி. பிள்ளை முந்திக்கொண்டு, "எங்க அப்பா அதோ நிக்கிறாரே" என்று கையைக் காட்டினாள். அவர் தண்ணீர் பாட்டிலும் புளிச்சோற்றுத் தூக்குமாக வெயிலில் நிற்கிறார். சரி பாப்பா, உனக்கு என்ன கஷ்டம், நீயே சொல்லு என்றார். "பசிக்குது அண்ணா" என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை, பிள்ளையின் தொடையில் கிள்ளினார். சாயங்காலம் உள்ளே கூப்பிட்டு, ஒரு நிமிடம்கூட ஆட விடாமல், சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் வேலூர் வரைக்கும் அந்த அம்மா பிள்ளையைத் திட்டிக்கொண்டே வந்தார். வாணியம்பாடி தாண்டும்போது அந்த அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முன்னெல்லாம் நான் லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்தா பாப்பா எனக்கு ஆடிக் காட்டுவா. இப்ப ஆடுறதே இல்லைங்க. பிராக்டிஸ்தான் பண்ணுறா." தானாகக் கனியாத பழத்தைத் தடி கொண்டு அடித்தால் பழுக்குமா என்று அவரிடம் சொல்ல வந்தேன், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. அந்த அம்மாவையும் நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நகையை அடகு வைத்து மாஸ்டருக்குக் கொடுத்தவர் அவர்.

சட்டம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள், 2017ல் அதற்கு விதிகள் வந்தன. கலைஞராக வரும் குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஓய்வு கொடுக்காமல் 3 மணி நேரம் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அந்த மாவட்டத்து ஆட்சியரின் அனுமதி வேண்டும். 5 குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். குழந்தைக்கு வரும் பணத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, பெற்ற அம்மாவும் சேர்த்துத்தான். 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் சேனல்களுக்கு எழுதியது, டான்ஸ் நிகழ்ச்சிகளில் பிள்ளைகளைப் பெரியவர்கள் போல ஆபாசமாக ஆட வைக்காதீர்கள் என்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கேளுங்கள். சேனல்களைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இந்தக் கூட்டத்துக்கு நான் ஒத்துக்கொண்டதே வேறு ஒரு விஷயத்துக்காக.

ஆடப் பிடித்த பிள்ளை எங்கே போய் ஆடும்? மாஸ்டரை விட்டால் வேறு வழி வைத்திருக்கிறோமா? நம் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் உண்டா? கோடையில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரியெல்லாம் கூத்து, கடைசி நாள் துரியோதனன் விழும் படுகளம், தீமிதி. இதோ இந்தப் பெரியவர் சின்ன வயதிலேயே சலங்கை கட்டியவர். கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியங்காரனில் தொடங்கித் துரியோதனன் வேஷம் வரைக்கும் ஆடியவர், மத்தளத்துக்கும் முகவீணைக்கும் இடையில் சுற்றி வந்து கிறுகி அடிப்பார், அதாவது வேகமாகச் சுழன்று ஆடுவார், புழுதி பறக்கும். காலையில் அவரிடம் கேட்டேன், உங்கள் வாத்தியார் உங்களை எலிமினேட் செய்திருக்கிறாரா என்று. அப்படி என்றால் என்ன என்று கேட்டார். அடவு, அதாவது ஆட்ட அசைவு, வராத பையனை என்ன செய்வார்கள் என்று மாற்றிக் கேட்டேன். பின்பாட்டுக்கு நிற்க வைப்போம், தாளம் போடச் சொல்லுவோம், இரண்டு வருடம் போனால் கால் தானாக வரும் என்றார்.

அந்தக் காலத்தில் தகடூர் என்று பெயர் கொண்ட இந்தத் தருமபுரி மண்ணில், அரசன் அதியமானைப் பார்த்து ஔவை பாடியது புறநானூற்றில் 92ஆம் பாட்டு. குழந்தையின் மழலை யாழோடு சேராது, காலத்தோடு ஒட்டாது, பொருளும் புரியாது, ஆனாலும் அப்பனுக்கு அருள் சுரக்கும் என்கிறாள். தாளம் தப்பினாலும் ரசித்த ஊர் இது. அந்த லாரி டிரைவர் பஸ்ஸில் ஏங்கியதும் அதற்குத்தான்.

2022ல் இருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல விஷயம், பாராட்டுகிறேன். ஆனால் அதுவும் போட்டி. நான் கேட்பது போட்டி இல்லாத இடம். ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி மைதானத்தைக் கோடை விடுமுறையில் சாயங்காலம் மட்டும் திறந்துவிடட்டும். கூத்து வாத்தியார்களுக்கு மதிப்பான சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித் தர வைக்கட்டும். ஆண் பெண் வித்தியாசம் வேண்டாம், மேடையில் மார்க் போடும் ஆள் வேண்டாம், பெற்றோர் உள்ளே வந்து உட்கார்ந்து பிள்ளையைத் திருத்த வேண்டாம். இவர் காலத்து வாத்தியார்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இனியும் தள்ளிப்போட்டால் சொல்லித்தர ஆள் இருக்காது. தானாகக் கனியாத பழத்தைத் தடி கொண்டு அடித்தால் பழுக்குமா? கனிவதற்கு ஒரு மைதானமும் ஒரு வாத்தியாரும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வாசல் பக்கம் மேஜையில் ஆட்சியருக்கான மனு இருக்கிறது. பெயர், ஊர், பிள்ளை படிக்கும் வகுப்பு, கையெழுத்து, அவ்வளவுதான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம், காலையில் முடிந்தவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். பெரியவர் தன் சலங்கையைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வணக்கம்.