எந்த வாசல்ல நிப்பான் உங்க ஹீரோ?

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். ஊரை காப்பாத்த ஒரே ஒரு மாவீரன் போதும்னு சொல்றதுக்கே மூணு பேர் சேர்ந்து வந்திருக்காங்க பாருங்க, பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சுது. பல வகை ஆளுங்க சேர்ந்த கூட்டம் தான் ஊரை காப்பாத்தும்ங்கிறது எங்க அணி.

எதிரணி அண்ணன் அழகா பேசினாரு, இல்லைன்னு சொல்லல. ஒரு வாள், ஒரு குதிரை, கோட்டை வாசல்ல போய் நின்னான்னா பூதப்படை மொத்தமும் திரும்பி ஓடிரும்னாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் அண்ணே, எந்த வாசல்ல? கோட்டைன்னா நாலு பக்கமும் வாசல் இருக்கும், அது போக தண்ணி வெளிய போற மதகு இருக்கும், எப்பவோ இடிஞ்சு அவசரமா பூசி வெச்ச சுவர் இருக்கும். உங்க ஆளு கிழக்கால நின்னு வாளை சுத்திக்கிட்டு இருக்கும்போது மேற்கால ஒண்ணு ஏறி குதிச்சா என்ன பண்ணுவீங்க? ஹீரோ நிக்கிற வாசல் வழியா தான் வருவேன்னு பூதம் என்ன பத்திரத்துல கையெழுத்தா போட்டு குடுத்துச்சு?

எங்க கூட்டத்துல ஒரு திருடன் இருப்பான்னு சொன்னதுக்கு எதிரணி அக்கா சிரிச்சாங்க. சிரிங்கக்கா. சுவர்ல எங்க ஓட்டைன்னு காவல்காரனுக்கு தெரியாது, கட்டினவனுக்கே மறந்திருக்கும், ராத்திரி ராத்திரி அது வழியா போய்ட்டு வந்தவனுக்கு தான் தெரியும். ஆளுக்கொரு பாத்திரமா உக்காந்து ஆடுற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற கற்பனை ஆட்டம் 1974ல வந்தப்போ சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரின்னு மூணே வகை ஆளுங்க தான், அடுத்த வருஷமே திருடனையும் சேர்த்துட்டாங்க. டிராகனோட சண்டை போடுறதையே ஆட்டமா வெச்சவங்களுக்கு தெரிஞ்சிருக்கு யாரெல்லாம் வேணும்னு.

சரி, இது கதை, ஆட்டம்னு தள்ளுவீங்க. நிஜத்துக்கு வரேன். 2500 வருஷத்துக்கு முன்னாடி லிபியா பக்கம் பார்க்கான்னு ஒரு நகரத்தை பாரசீகப் படை ஒன்பது மாசம் முற்றுகை போட்டுச்சு, சுவருக்கு அடியில சுரங்கம் தோண்டி உள்ள வரப் பாத்தாங்க. அதை கண்டுபிடிச்சது யாரு தெரியுமா, தளபதி இல்ல, வெண்கல வேலை செய்ற ஒரு ஆளு. ஒரு வெண்கல கேடயத்தை தூக்கிக்கிட்டு சுவரோரமா நடந்து அங்கங்க தரையில வெச்சு பாத்தான். மத்த இடமெல்லாம் சும்மா இருந்துச்சு, அடியில தோண்டுற இடத்துல மட்டும் கேடயம் கணகணன்னுச்சு. உடனே ஊர்க்காரங்க மேல இருந்து எதிரா தோண்டி உள்ள இருந்தவங்களை முடிச்சாங்க. பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வெச்சிருக்காரு. (அப்புறம் பாரசீகக்காரங்க பொய் சத்தியம் பண்ணி ஏமாத்தி தான் ஊரை பிடிச்சாங்க, அது வேற கதை.) அண்ணனோட மாவீரன் அந்த கேடயத்தை கையில வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்பான், மாட்டிக்கிட்டு போஸ் குடுத்திருப்பான்.

ஒத்துப்போகாத ஆளுங்க அடிச்சுக்குவாங்கன்னு எதிரணியோட அடுத்த பாயிண்ட். அடிச்சுக்கட்டுமே! பழைய மெசபடோமியாவுல களிமண் பலகையில எழுதி வெச்ச கில்காமெஷ் கதையை எடுத்துக்கங்க. கில்காமெஷ் உருக் நகரத்து ராஜா, என்கிடு காட்டுல மானோட மேய்ஞ்சு வளர்ந்தவன், ரெண்டு பேரும் முதல்ல பாத்துக்கிட்டதே மல்லுக்கட்டுல தான். ஆனா வானத்துக் காளை ஊருக்குள்ள இறங்கினப்போ என்ன ஆச்சு? அது மூச்சு விட்டா பள்ளம் விழுது, முதல் மூச்சுல நூறு பேர் உள்ள போயாச்சு, அடுத்த மூச்சுல இருநூறு பேர். மூணாவது பள்ளத்துல என்கிடுவே இடுப்பு வரைக்கும் விழுந்தான், ஆனா அப்படியே எகிறி கொம்பை பிடிச்சுட்டான், பிடிச்சு பாத்ததுல அதோட பலம் என்னன்னு அவனுக்கு புரிஞ்சுபோச்சு. நான் வாலை பிடிக்கிறேன், நீ கொம்புக்கு நடுவுல குத்துன்னு ராஜாவுக்கே பிளான் சொல்றான். ராஜாவும் கேட்டு அப்படியே செஞ்சான், காளை செத்துச்சு. ஒருத்தனை ஒருத்தன் தள்ளி பாத்து எடை போட்டவங்க நடுவுல தான் இந்த மாதிரி ஒரு பேச்சு நடக்கும் நடுவர் அவர்களே, ஆமாம் சாமி போடுறவங்களை பக்கத்துல வெச்சிருந்தா வாலை யார் பிடிப்பாங்க?

நம்ம கம்பனையும் விட்டுரக்கூடாது. குகனொடும் ஐவரானேம்னு ராமன் எண்ணிக்கிட்டே போறானே, படகு விடுற வேடன், அப்புறம் ஒரு வானரன், கடைசியா எதிரி வீட்டு அரக்கனையே ஏழாவது சகோதரனா சேர்த்துக்கிட்டான். இதுக்கு மேல ஒட்டாத கூட்டம் வேணுமா?

கடைசியா அண்ணன் ரொம்ப பெருமையா சொன்ன பியோவுல்ஃப், பழைய ஆங்கிலக் காவியத்து வீரன். கிரெண்டல்ங்கிற ராட்சசன் பன்னெண்டு வருஷமா ஆட்டிப்படைச்ச மண்டபத்துல, தன்னந்தனியா வெறுங்கையால கையை பிச்சு எடுத்தான்னு சொன்னாரு. உண்மை தான். ஆனா அண்ணன் கதையை அங்கேயே நிறுத்திட்டாரு. அம்பது வருஷம் ராஜாவா இருந்து கிழவனான பிறகு ஒரு டிராகன் வருது, அப்பவும் இது என் சண்டை, நீங்கெல்லாம் தள்ளி நில்லுங்கங்கிறான். வாள் எடுபடல, சுத்தி எல்லாம் நெருப்பு, கூட வந்தவங்க காட்டுக்குள்ள ஓடியாச்சு. அத்தனை பேர்ல ஒரே ஒரு சின்னப் பையன், அதுக்கு முன்னாடி ராஜாவோட ஒரு போர் கூட பாக்காதவன், புகைக்குள்ள ஓடி வரான், அவன் கேடயமும் எரிஞ்சு போச்சு, கிழவனோட கேடயத்துக்கு பின்னாடி ஒதுங்கி நின்னு டிராகனை கீழ வயித்துப் பக்கம் குத்துறான். நெருப்பு அப்போ தான் அடங்குது, அதுக்கப்புறம் தான் ராஜாவால கத்தியை உருவி முடிக்க முடிஞ்சுது. அந்த சண்டையில பட்ட காயத்துலயே ராஜா செத்தும் போறான், இனி எதிரிங்க எல்லாம் நம்ம மேல பாய்வாங்கன்னு சனங்க பயந்து அழுகுறாங்க.

அந்த பையன் பேரு விக்லாஃப். அண்ணன் இவ்ளோ நேரம் பேசினாரு, அவன் பேரை ஒரு வாட்டி கூட சொல்லல நடுவர் அவர்களே. மணி அடிச்சுட்டீங்க, உக்காந்துக்கறேன்.