நாளிதழின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள்

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

போன மாதம் ஓர் இரவு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாளிதழ் அச்சாகும் இடத்துக்குப் போனேன். இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன் எங்களுக்கு ஓர் அலுமினியத் தகட்டைக் காட்டினார்கள். அதைத்தான் பிளேட் என்கிறார்கள். பழைய ஈய அச்சைப் போல எழுத்து திரும்பியிருக்கும் என்று நினைத்தேன். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, தலைப்புச் செய்தியைக் கடகடவென்று படித்துவிட்டாள்!

அது எப்படி? அங்கே அச்சிடும் முறைக்கு ஆஃப்செட் என்று பெயர். அதில் பிளேட் நேரடியாகத் தாளைத் தொடுவதில்லை. அதிலிருக்கும் மை முதலில் ரப்பர் உருளைக்குப் போகிறது. அங்கே எழுத்து திரும்பிவிடுகிறது. உருளையிலிருந்து தாளுக்கு வரும்போது மறுபடி நேராகிறது. இன்னொன்றும் உண்டு. பிளேட்டில் எழுத்து மேடாகவும் இல்லை, பள்ளமாகவும் இல்லை. கிட்டத்தட்ட ஒரே மட்டம்தான். எழுத்து இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எழுத்து உள்ள இடம் எண்ணெய்ப் பசையுள்ள மையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது, அவ்வளவுதான் விஷயம். 1796-இல் ஜெர்மனியில் செனிஃபெல்டர் என்பவர் சுண்ணாம்புக் கல்லில் அச்சடிக்கும்போது கண்டறிந்த அதே உண்மை. எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அப்புறம் மணி அடித்தது. காதடைப்பானை மாட்டிக்கொண்டோம். பல நூறு கிலோ எடையுள்ள தாள் சுருள் மெதுவாகச் சுழலத் தொடங்கியது. முதலில் வந்த பிரதிகளில் படங்கள் இரட்டையாகத் தெரிந்தன. சயான் என்ற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் முகம் கலங்கிவிடும். அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஒரு பிரதியை உருவி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார், எதையோ திருகினார், அடுத்ததை உருவினார். நான்கைந்து முறை இப்படி. பிறகு தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. தரை அதிர்ந்தது. வெட்டி மடித்த நாளிதழ்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அந்தப் பெரியவரை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் பார்வைக்குத் தப்பி ஒரு பக்கமும் உங்கள் வாசலுக்கு வருவதில்லை. ஒரு செய்தி பலர் கைபட்டு வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. நேரில் காட்ட வேண்டும். அதற்காக ஓர் இரவுத் தூக்கம் போனால் போகட்டும்.

மறுநாள் காலையில் மகள் நாளிதழின் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தாள். பல நாளிதழ்களில் நான்கு நிறப் புள்ளிகள் அங்கே இருக்கும். "அப்பா, இன்னைக்கு மஞ்சள் கொஞ்சம் தள்ளியிருக்கு" என்றாள். உண்மைதான், தள்ளித்தான் இருந்தது.

பழைய நாளிதழ்களும் சில உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் இந்த மேசையில் இருக்கின்றன. மை கையில் ஒட்டும், பரவாயில்லை. பிள்ளைகள் முதலில் வாருங்கள்.