விரத வீட்டில் மீன் வாசம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் வயரிங் வேலைக்காரன். தேயிலை ஸ்டோரில் கையாளாகச் சேர்ந்தவன். பங்களாக் கூரை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கூரை இரண்டிலும் முப்பது வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறேன்.

லயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதாவது அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம், எல்லாக் காம்பராவுக்கும் சேர்த்து ஒரே கூரை. லக்சபான மின்நிலையத்தில் நம்ம மலைத் தண்ணீரை வைத்து 1950இலேயே கரண்ட் எடுத்தார்கள். அது நம்ம காம்பராவுக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வந்தபோது இரண்டு பல்பு, ஒரு ரேடியோ. அதற்கு ஏற்ற மெல்லிய வயர்தான் இழுத்தார்கள். இன்றைக்கு அதே வயரில் கேத்தல், அயன், பிரிஜ், டீவி எல்லாம் ஓடுகிறது. நாற்பது வாட்ஸ் பல்பு இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர்கூட இழுக்காது. 2000 வாட்ஸ் கேத்தல் ஒன்று மட்டும் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். இதை மறக்காதீர்கள், திரும்பவும் சொல்கிறேன்: இரண்டு மடங்குக்கு நான்கு மடங்கு.

ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். சில நாளாக அவர் காம்பராவில் மீன் வாசம். பக்கத்துக் காம்பராக்காரர்தான் காரணம் என்று சண்டையே வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டது வேறு வேலைக்கு, லைட் விட்டு விட்டு எரிகிறது என்று. உள்ளே போனதும் எனக்கும் அந்த வாசம் அடித்தது. நேராகப் போய் பிளக் பொயின்டில் புறங்கையை வைத்தேன். சுட்டது. மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றினால், உள்ளே பிளாஸ்டிக் கறுத்து, இளகிப்போய் இருக்கிறது. மேலே கூரைக்குள் பார்த்தேன். இரண்டு வயரை முறுக்கி, டேப் இல்லாமல் சொப்பிங் பேக்கைச் சுற்றி வைத்திருந்தார்கள். அதன்மேல் விறகடுப்புக் கரி அப்பியிருக்கிறது, பக்கத்தில் எலி கடித்த இடம். பிளாஸ்டிக் வெந்தால் மீன் மாதிரி நாறும். அந்த அம்மாவுக்கு நாலைந்து நாளாக அது எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு பியூஸைக் கழற்றிப் பார்த்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். 5 ஆம்பியர் பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் அயன் வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி, மூன்று இழை. மகன் போட்டது. கேத்தலையும் அயனையும் ஒன்றாகப் போட்டால் பியூஸ் போய்க்கொண்டே இருந்ததாம், அம்மா இருட்டில் கஷ்டப்படக்கூடாது என்று போட்டிருக்கிறான். பிள்ளைமேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் பியூஸ் போனால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. கூரைக்குள் இருக்கிற வயர் சூடாவதற்கு முன்னால் அந்தச் சின்னக் கம்பி உருகி கரண்டை நிறுத்துகிறது. தடித்த கம்பி போட்டால் உருகப்போவது கூரைக்குள் இருக்கிற வயர். அது இரவில், எல்லாரும் தூங்கும்போதும் நடக்கும். ஒரு காம்பராவில் பிடித்தால், கூரை ஒன்றாக இருப்பதால் வரிசையாகப் போகும். அந்த லயத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு குடும்பம் இருந்தது.

பழைய பங்களாவில் இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பலகைமேல் ஓடும் ரப்பர் வயர், மேலே நூல் சுற்றியது, இன்னும் சில இடத்தில் இருக்கிறது. அந்த ரப்பர் காய்ந்து பொருக்காகிவிடும், தொட்டாலே உதிரும். அதை ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

எர்த், அதாவது ஒழுகும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வயர், அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரக்காலோடு குழாயைத் தொடும்போது விறுவிறு என்று இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். டிரிப் சுவிச் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கரண்ட் ஒழுகினால்தான் அது விழும், வயர் சூடாவது அதற்குத் தெரியாது. அதில் டி என்று போட்ட சின்னப் பட்டன் ஒன்று இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். அமுக்கியும் விழவில்லை என்றால் அந்த சுவிச் கெட்டுவிட்டது, மாற்றிவிடுங்கள். வணக்கம்.