இல்லை என்பதும் நிரூபணமாகவில்லை என்பதும்

வணக்கம் நேயர்களே. புள்ளியியல் வகுப்பில் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மருந்து வேலை செய்கிறதா என்றுதானே பார்க்கப்போகிறோம்? அப்புறம் ஏன் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறோம்?"

நியாயமான கேள்வி. அந்தத் தொடக்கத்துக்குத்தான் இன்மைக் கருதுகோள் என்று பெயர். வேலை செய்கிறது என்றால் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் போட முடியாது. ஒன்றுமே இல்லை என்பதற்கு அந்தச் சிக்கல் கிடையாது. அது உண்மையானால் எது எத்தனை தடவை நடக்கும் என்று எண்ணியே பார்த்துவிடலாம்.

எண்ணித்தான் பார்ப்போமே. இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். சோதனைகளை வடிவமைப்பது பற்றி 1935இல் அவர் வெளியிட்ட நூலில் ஓர் அம்மையார் வருகிறார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் கலைத்துவிட்டுக் கொடுக்கிறார்கள். பால் முதலில் ஊற்றிய நான்கை அவர் பொறுக்கி எடுக்க வேண்டும்.

அவருக்கு அந்தத் திறமை இல்லை என்பது நம் இன்மைக் கருதுகோள். சரி, திறமை இல்லாமல் குத்துமதிப்பாக எடுத்தால்? எட்டிலிருந்து நான்கை 70 விதமாக எடுக்கலாம். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. 70இல் 1 என்றால் 100க்கு ஒன்றரைகூட வராது. குத்துமதிப்பில் அமையும் வாய்ப்பு இதற்குக் கீழே போனால் கருதுகோளைத் தள்ளலாம் என்று வழக்கமாக வைக்கும் எல்லை 100க்கு 5. ஆகவே நான்கையும் சரியாகச் சொன்னால் கருதுகோளைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் அந்த 70இல் 1 என்பது அவருக்குத் திறமை இல்லாதிருக்கும் வாய்ப்பு அல்ல. திறமை இல்லை என்று வைத்துக்கொண்ட பிறகு போட்ட கணக்கு அது.

மூன்றைச் சரியாக எடுத்து ஒன்றில் தவறினால்? குத்துமதிப்பாக எடுப்பவருக்கும் மூன்றோ அதற்கு மேலோ அமைய 70இல் 17 வழி உண்டு, அதாவது 100க்கு 24. கருதுகோளைத் தள்ள முடியாது. இந்த இடத்தில்தான் பலர் "அப்படியானால் திறமை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். நிரூபணமாகவே இல்லை. நல்ல நாக்கு உள்ளவரும் ஒரு கோப்பையில் தடுமாறலாம்.

நான்கே கோப்பைகள், அவற்றில் இரண்டில் பால் முதலில் என்று வைத்திருந்தால் இன்னும் மோசம். அங்கே மொத்தம் 6 வழிகள்தான். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் 6இல் 1, 100க்கு 16க்கு மேல். எப்பேர்ப்பட்ட நாக்கானாலும் அந்தச் சோதனையில் தேற வழியே இல்லை. நாக்கில் குறையில்லை, கோப்பைகள் போதவில்லை.

தேநீரில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. மருந்து விஷயத்தில் எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிறது. பத்துப் பேரில் ஒருவருக்குப் பக்கவிளைவு தரும் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 10 பேரிடம் கொடுத்துப் பார்த்தால், 100க்கு 35 தடவை ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆகாது. பக்கவிளைவு இல்லை என்று அறிக்கையும் வந்துவிடும். 30 பேரிடம் கொடுத்துப் பார்த்தால் அந்த 35 வெறும் 4 ஆகக் குறைந்துவிடும்.

நன்றி, வணக்கம்.