குடல் புற்றுநோய்ச் சாவைப் பாதியாக்கிய தபால் உறை: கொங்குக் கல்யாண அழைப்பில் இருக்கிறது ரகசியம்

வணக்கமுங்க. என் கையில் இருப்பதைப் பாருங்கள். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். மூடியைத் திருகினால் கூடவே ஒரு குச்சி வருகிறது. நுனியில் சின்னச் சின்ன வரிப்பள்ளம். அந்த நுனியை மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி எடுத்து, திரும்பக் குழாய்க்குள் செருகி, உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதை வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பிய ஓரிடத்தில் குடல் புற்றுநோய்ச் சாவு பாதியாகிவிட்டது.

பெருங்குடலில் முதலில் வருவது பாலிப் என்கிற சதை மொட்டு. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல் ஆகிறது. இடையில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம். குழாய் தேடுவது அதைத்தான். கசிவு தெரிந்தால் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. பாலிப் இருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை இதைச் செய்தாலும் சோதனை ஏமாறாது! மனித ரத்தத்தின் புரதத்தை மட்டும் பிடிக்கிற எதிர்ப்பொருள் இதில் இருக்கிறது. பழைய சோதனையாக இருந்தால் கறியைப் பார்த்தே குழம்பிவிடும்.

அந்தப் பழைய சோதனையே லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1993ல் வந்தது. வருடாவருடம் சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 33 சதவீதம் குறைவு.

ஆனால் ஆஸ்பத்திரியில் சோதனை இருப்பதாலேயே ஊரில் சாவு குறைந்துவிடாது. மண்டபம் பிடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, "வருகிறவர்கள் வரட்டும்" என்று உட்கார்ந்தால் கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? நம் பக்கம் அப்படியா அழைக்கிறோம்? ஊர்வாரியாக நோட்டில் பெயர் எழுதுகிறோம். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையுமாகப் பங்காளி வீடு, மாமன் மச்சான் வீடு என்று படி ஏறுகிறோம். வீடு பூட்டியிருந்தால் நோட்டில் புள்ளி வைத்து மறுபடி போகிறோம். முந்தின நாள் போன் போட்டு, "கெளம்பிட்டீங்களா மாமா?" என்று கேட்கிறோம். ஒரு வீடு விட்டுப்போனால், "வந்து ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்று பத்து வருடத்துக்குப் பேச்சு ஓடும்.

ஒழுங்கமைத்த பரிசோதனைத் திட்டம் என்பது இதேதான். வயதுப் பட்டியல், வீட்டுக்கு வரும் உறை, திருப்பி அனுப்பாதவர்களுக்கு நினைவூட்டல். அப்புறம், ரத்தம் தெரிந்தவரைக் கொலனோஸ்கோபி மேசைவரை கூட்டிப்போய்ச் சேர்ப்பது.

அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனெண்டே என்கிற மருத்துவ நிறுவனம் 2006 முதல் 2008க்குள் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2000ல் நூற்றுக்கு 39 பேர்தான் உரிய காலத்தில் சோதனை செய்திருந்தார்கள். 2015ல் 83 பேர். சாவு லட்சத்துக்கு சுமார் 31லிருந்து 15க்கு இறங்கியது. சிகிச்சை முன்னேறியதற்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

போலந்து, நார்வே, சுவீடன் ஆய்வு 2022ல் வந்தது. நேராகக் கொலனோஸ்கோபிக்கே அழைத்தார்கள். வந்தது 42 சதவீதம் பேர். பத்து வருடத்தில் புற்று வருவது 18 சதவீதம் குறைந்தது. சாவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பந்தியில் பாதி இலைக்கு மேல் காலி!

நம் ஈரோடு உட்பட நான்கு மாவட்டங்களில் 2023ல் அரசு வீடு தேடி அழைக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியது. வாய், மார்பகம், கருப்பை வாய்க்கு மட்டும். குடல் புற்று மேலை நாடுகளைவிட இங்கே குறைவு என்பதால் அந்த வரிசை சரிதான். ஆனால் குடலுக்கு உங்களை அழைக்க யாரும் தட்டோடு வரப்போவதில்லை.

எங்கள் பெரியப்பா, ரத்தம் போனதை "சூடுதான் கண்ணு" என்று சொல்லி இரண்டு வருடம் மோரும் கற்றாழையும் குடித்தார். காட்டியபோது கல்லீரலுக்குப் பரவியிருந்தது.

ரத்தம் கண்ணில் பட்டால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இந்தக் குழாய்க்கும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலேயே கொலனோஸ்கோபி பற்றிக் கேளுங்கள். இந்த வீடியோவை இன்று ராத்திரி வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்க.