நடுப்பகல் பேய்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்பிக்கச் சொன்னால், பிள்ளைகள் அகங்காரத்தில் தொடங்கிக் கடகடவென்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கடைசியில் சோம்பல் வந்ததும் பக்கத்துப் பையனைப் பார்த்து ஒரு சிரிப்பு. பெரியவர்களும் அப்படித்தான். கோபத்துக்குப் பயப்படுவோம், மோகத்துக்குப் பயப்படுவோம். சோம்பலை யாரும் ஒரு பாவமாகவே மதிப்பதில்லை. "விடியும் முன்னே எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன், எனக்கா சோம்பல்?" என்று கேட்பீர்கள். ஓடுகிறவர்களிடம்தான் அது அதிகம் என்பது என் நெடுநாள் கட்சி. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்தப் பாவத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதியவர் எவாகிரியுஸ் என்ற துறவி. நான்காம் நூற்றாண்டுக்காரர். கான்ஸ்தாந்திநோபிளில் திருத்தொண்டராக இருந்து, பேச்சில் பேர் வாங்கியவர். மணமான ஒரு பெண்மேல் மனம் போயிற்று. அந்தச் சிக்கலிலிருந்து தப்பி எருசலேமுக்குப் போய், அங்கிருந்து எகிப்துப் பாலைவனத்துக்குப் போனார். கெல்லியா என்ற இடத்தில் துறவிகள் தனித்தனிச் சிற்றறைகளில் இருந்தார்கள். இவரும் அங்கே ஓர் அறையில் தங்கி, நூல்களைப் பிரதி எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். 399இல் இறந்தார். துறவியைக் கெடுக்கும் எட்டு எண்ணங்கள் என்று அவர் ஒரு பட்டியல் போட்டார். சுமார் 200 ஆண்டு கழித்துப் பாப்பரசர் பெரிய கிரகோரியார் அதைத் திருத்தி ஏழாக்கினார். நம் பிள்ளைகள் ஒப்பிப்பது அந்த வழியில் வந்ததுதான்.

எட்டில் ஒன்றான இந்தச் சோம்பலை, அதாவது மனச் சலிப்பை, அந்தத் துறவிகள் நடுப்பகல் பேய் என்றார்கள். 91ஆம் சங்கீதத்தில் 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' என்று வருகிறதே, அதிலிருந்து வந்த பெயர். எவாகிரியுஸ் சொல்வதைக் கேளுங்கள். காலை பத்து மணி வாக்கில் அது வரும். மதியம் இரண்டு மணி வரை சுற்றிச் சுற்றி வரும். சூரியன் நகரவே நகராது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பது போலத் தோன்றும். துறவி சன்னலைப் பார்ப்பார். எழுந்து வெளியே வந்து, சாப்பாட்டு நேரமான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்ப்பார். யாராவது ஒரு சகோதரர் இந்தப் பக்கம் வருகிறாரா என்று இங்கும் அங்கும் பார்ப்பார். கைக்கடிகாரமும் செல்போனும் இல்லாத காலம், அதனால் வெயிலைப் பார்க்க வேண்டியிருந்தது. மற்றபடி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் இந்தத் துறவியை நீங்கள் பார்க்கலாம்.

அப்புறம்தான் பேய் பேச ஆரம்பிக்கும். இந்த இடம் சரியில்லை. இந்த வேலை சரியில்லை. இங்கே ஒருவருக்கொருவர் அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை. அந்த நாட்களில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால், அதையும் எடுத்து மேலே வைக்கும். வேறு இடத்துக்குப் போனால் இதைவிட நன்றாகப் பிழைக்கலாமே, கடவுளை எங்கிருந்தும் கும்பிடலாமே என்று நியாயம் பேசும். ஊரையும் உறவையும் நினைவுக்குக் கொண்டுவரும். கடைசியில், இன்னும் எத்தனை வருடம் இப்படியே கிடக்கப்போகிறாய் என்று கேட்கும்.

நம் பங்குக் கோவில்களில் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறோமே! பாடகர் குழுவில் ஒரு மனத்தாங்கல் வந்தால், 'இந்தக் கோவிலில் அன்பே இல்லை' என்று பக்கத்துப் பங்குக்குப் பூசைக்குப் போவார்கள். ஆறு மாதத்தில் அங்கேயும் அன்பு தீர்ந்துபோகும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். எவாகிரியுஸ் இருந்த அதே எகிப்துப் பாலைவனத்தில் பழகியவர் காசியான் என்ற துறவி. பிறகு பிரான்சில் மார்செய் பக்கம் மடங்கள் அமைத்து, தான் கற்றதை எழுதி வைத்தார். அவர் ஒரு நுட்பம் சொல்கிறார்: இந்தப் பேய் எப்போதும் 'படுத்துத் தூங்கு' என்று சொல்வதில்லை. 'அங்கே ஒரு நோயாளி இருக்கிறாரே, போய்ப் பார்த்துவிட்டு வா. ஆதரவில்லாத அந்தப் பக்தியுள்ள அம்மாவுக்கு வேண்டியதைச் செய்யக்கூடாதா? வெறுமனே அறையில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவு புண்ணியம்!' என்று சொல்லும். பார்த்தீர்களா? சோம்பல் ஒருவரை ஓட ஓட விரட்டுகிறது. தன் கையில் இருக்கிற வேலையிலிருந்து தப்பிக்க, நல்ல காரியங்களையே சாக்காகக் கொடுக்கிறது. திருவிழாக் கமிட்டியில் மூன்று பொறுப்பு, அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துச் செபக் குழுவில் இரண்டு பொறுப்பு, வீட்டில் மகனோடு பத்து நிமிடம் உட்கார முடியவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? நான் சொல்ல மாட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து? காசியான் சொல்கிற ஒரு கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பவுல் என்று ஒரு துறவி இருந்தார். அப்போஸ்தலர் பவுல் இல்லை, இவர் வேறு. மற்றத் துறவிகள் ஓலை பின்னி விற்றுச் சாப்பிட்டார்கள். இவருக்கு அந்தத் தேவை இல்லை, பேரீச்சம்பழமும் சின்னத் தோட்டமும் போதுமாக இருந்தன. விற்கலாம் என்றாலும், நகரம் ஏழு நாள் நடைக்கும் அப்பால். சரக்கின் விலையைவிடக் கூலி அதிகம். ஆனாலும் பிழைப்பே அதில்தான் என்பது போல, தினமும் ஓலை சேகரித்து, தனக்குத் தானே அளவு வைத்து வேலை செய்தார். வருடம் முழுவதும் செய்தது குகையில் நிறைந்துவிடும். நிறைந்ததும் தீ வைத்துவிடுவார். வருடா வருடம். அடுத்த நாள் மறுபடியும் முதல் ஓலை.

பைத்தியக்காரத்தனம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு அதில் பெரிய ஞானம் தெரிகிறது. சம்பளம், பாராட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, ஒன்றும் இல்லை. மனம் அந்த அறையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வனத்து அந்தோனியாருக்கே இந்தச் சலிப்பு வந்தது. நம் உவரியில் இருக்கிற பதுவை அந்தோனியார் இல்லை, ஜனவரி 17இல் திருவிழா வருகிற எகிப்துக்காரர். என்ன செய்வேன் என்று கடவுளிடம் அழுதார். வெளியே வந்து பார்த்தால், அவரைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுகிறார், எழுந்து செபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து பின்னுகிறார். அவர் கடவுள் அனுப்பிய தூதர். 'இப்படிச் செய், பிழைப்பாய்' என்றாராம். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் அதைப் பாவம் என்று யாரும் சொல்லக்கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். அதே போல, கணவனிடம் அடி வாங்குகிற பெண்ணிடம் போய், 'அறையிலேயே இரு' என்று இந்தத் துறவிகளைக் காட்டி உபதேசிக்காதீர்கள். அவள் ஓடுவது சலிப்பினால் இல்லை, உயிருக்காக.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கிரகோரியார் இந்தச் சலிப்புக்குப் பிறக்கும் பிள்ளைகள் என்று சிலவற்றைச் சொல்கிறார்: வன்மம், கோழைத்தனம், அவநம்பிக்கை, மனம் கண்டபடி அலைவது. தனித்தனியாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் சொன்ன ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இந்தப் பாவம் ஓய்வுநாள் கட்டளைக்கு எதிரானது என்கிறார். மனம் கடவுளில் இளைப்பாற வேண்டும் என்பதல்லவா அந்தக் கட்டளை? அதனால் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டே இருப்பவரும் இதில் சேர்த்திதான். அந்தக் கட்டளையைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். கூப்பிட்டால் வருகிறேன். நன்றி, வணக்கம்.